ஒருதரம்... இரண்டுதரம்...

ஊரில் ஏலம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோயில் புளியமரமானாலும் சரி, கண்மாய் மீனானாலும் சரி, முன்பணம் கட்டியவன்தான் வாய் திறக்க முடியும். வெறுங்கையோடு வந்து "ஒரு லட்சம்" என்று கத்துகிறவனை, "யோவ், டெபாசிட் கட்டினியா?" என்ற ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார்கள். டெபாசிட்டும் இல்லாமல், பாக்கியும் கட்டாமல், யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கக்கூடிய ஏலம் இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான் நடக்கிறது. சிறைத் தண்டனை ஆண்டுகளின் ஏலம்.

அதற்குத் தேதி குறிப்பது ஒரு குழந்தை. ஏதோ ஒரு பள்ளியில் வாத்தியார் ஒருவர் அதன் மேல் கை வைத்திருப்பார். முதல் நாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி. இரண்டாம் நாள் தொலைக்காட்சியில் விவாதம். மூன்றாம் நாள் மேடை தயார். "பத்து ஆண்டு!" என்கிறார் ஒருவர். "பத்தென்ன பத்து, இருபது!" "ஆயுள்!" "சாகிற வரைக்கும் ஆயுள்!" பின்வரிசையிலிருந்து கணீரென்று ஒரு குரல்: "தூக்கு!" கைதட்டல். தூக்குக்கு மேல் கேட்க மனித உடம்பில் மிச்சம் எதுவும் இல்லை. ஏலம் முடிந்தது, எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ரசீதுகள் இருக்கின்றன.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. நடைமுறைக்கு வந்த நாள் நவம்பர் 14, குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுக்கிற நாளில் சட்டமும் கொடுத்தார்கள். கல்வி நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்கே படிக்கும் குழந்தையை வல்லுறவுக்கு ஆளாக்கினால் அது கடுமையாக்கப்பட்ட குற்றம். குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்றது சட்டம். 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது, வல்லுறவுப் பிரிவில் உறவினர், பாதுகாவலர் என்ற சொற்களுக்குப் பக்கத்தில் 'ஆசிரியர்' என்ற சொல்லையும் உட்கார வைத்தார்கள். நியாயம்தான். நம்பி ஒப்படைத்த கை தப்பு செய்தால் தப்பின் எடை கூடத்தான் வேண்டும். அதுவரைக்கும் எனக்குச் சண்டை இல்லை.

2019-ல் பத்து இருபதானது. ஆயுளுக்குப் பக்கத்தில் தூக்கு வந்தது. 2025 ஜனவரியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, வல்லுறவுக்கான குறைந்தபட்சத் தண்டனையைப் 10-லிருந்து 14 ஆண்டாக்கும் மசோதாவைத் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. ஒருதரம். இரண்டுதரம். மூன்றாம் தரம் அடுத்த குழந்தைக்காகக் காத்திருக்கிறது.

இத்தனை ஆண்டுகளை ஏலத்தில் எடுத்தோமே, சரக்கு எங்கே இறங்கியது? சிறைக்குள் போய்ப் பார்த்துவிடுவோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இருந்த இடமோ சுமார் 4,36,000 பேருக்குத்தான். நூறு பேர் படுக்கிற இடத்தில் நூற்று முப்பத்தோரு பேர். அவர்களில் தண்டனை பெற்றவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302 பேர். அதாவது சிறையின் மொத்த இடத்தையும் ஏறக்குறைய முழுதாக நிரப்பியிருப்பவர்கள், குற்றவாளி என்று இன்னும் எந்த நீதிபதியும் சொல்லாதவர்கள்.

அந்தப் புத்தகம் கைதிகளை வயது வாரியாகப் பிரிக்கும், மத வாரியாகப் பிரிக்கும், சாதி வாரியாகப் பிரிக்கும், படிப்பு வாரியாகவும் பிரிக்கும். அந்தப் படிப்புக் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். பி.எட். முடித்து, 'ஆசிரியப் பணி அறப்பணி' என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொடுத்த கூட்டம் எவ்வளவு என்று தேடினால், அதற்கான கட்டமே அங்கில்லை. ஏலம் கேட்டவர்கள் யாரும் சரக்கு வந்ததா என்று பிறகு விசாரிப்பதில்லை. அப்புறம் கட்டம் எதற்கு?

இன்னொரு கணக்கும் உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். 2019 திருத்தத்துக்குப் பிறகு குற்றம் செய்து 2020-ல் உள்ளே போன ஒருவனைப் பழைய சட்டமே 2030 வரை உள்ளே வைத்திருக்கும். புதிய சட்டம் சேர்த்த பத்தாண்டு தொடங்குவதே அதற்குப் பிறகுதான். மேஜையைத் தட்டியவர்களில் பாதிப் பேர் அப்போது பதவியில் இருக்க மாட்டார்கள்; அந்தக் கைதிக்குச் சோறு போடுகிற செலவு அவர்கள் கணக்கில் ஏறாது. கைதட்டல் 2019-க்கு, பில் 2030-க்கு. மளிகைக் கடை அண்ணாச்சிகூட இவ்வளவு நாள் கடன் கொடுக்க மாட்டார்.

சரி, வாத்தியாருக்காக வாங்கிய இருபது வருடம் வேறு யார் தலையிலாவது இறங்குகிறதா? இறங்குகிறது. புழல் சிறைவாசலில் மனு போட்டுப் பிள்ளையைப் பார்க்கக் காத்திருக்கும் வரிசையைப் பாருங்கள். துணிப்பையில் பிஸ்கட் பாக்கெட்டும், நாலாக மடித்த ஆதார் நகலும் வைத்துக்கொண்டு நிற்கிற அம்மாக்களில், பத்தொன்பது இருபது வயதுப் பையனைப் பெற்றவளும் இருப்பாள். பக்கத்துத் தெருப் பெண்ணோடு பையன் ஓடிப்போனான். பெண்ணுக்குப் பதினெட்டுக்கு நாலு மாதம் குறைவு. பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சாதி கண்ணில் பட்டது. காவல் நிலையத்துக்குப் போக்சோ கண்ணில் பட்டது.

பையனுக்கான குறைந்தபட்சத் தண்டனையும் 2019-ல் ஏழிலிருந்து பத்தாண்டானது. ஒரு தடவைக்கு மேல் உறவு இருந்திருந்தாலோ, பெண் கருவுற்றிருந்தாலோ அது கடுமையாக்கப்பட்ட குற்றம், குறைந்தது இருபது. வகுப்பறைக் கதவைத் தாழிட்ட வாத்தியாரும், மலைக்கோயிலில் தாலி கட்டிவிட்டு வந்து மாட்டிக்கொண்ட பையனும் சட்டத்தின் தராசில் ஒரே தட்டு. அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் மூன்று மாநிலங்களிலும் 2016 முதல் 2020 வரை வந்த 7,064 போக்சோ தீர்ப்புகளை என்ஃபோல்டு அமைப்பு படித்துப் பார்த்தது. ஏறக்குறைய நாலில் ஒன்று இப்படிப்பட்ட காதல் வழக்கு. ஓர் இளம் ஆட்டோ ஓட்டுநர் மீதான வழக்கை 2021 ஜனவரியில் ரத்து செய்தபோது, வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பதற்கு வந்த சட்டமல்ல இது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. இத்தகைய வழக்குகளில் கைது செய்ய அவசரப்படாதீர்கள் என்று 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைவர் தன் ஆட்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. வலை விரித்தது சுறாவுக்கு. சிக்கியதில் கால்வாசி நெத்திலி.

அப்படியானால் சுறா எங்கே? வாருங்கள், தலைமையாசிரியர் அறைக்குப் போவோம். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். மேஜை ஒன்றுதான், ஊர் மட்டும் மாறும்.

சுவரில் காமராஜர் படம். பக்கத்தில் 'பத்தாம் வகுப்பு 100% தேர்ச்சி' என்று மூன்று வருடத்துப் பலகைகள். காகிதக் கப்பில் டீ, தட்டில் மேரி பிஸ்கட். உட்கார்ந்திருப்பவர்கள்: தலைமையாசிரியர், தாளாளர் அனுப்பிய ஆள், பி.டி.ஏ. தலைவர், ஊர்ப் பெரியவர் ஒருவர். நின்றுகொண்டிருப்பவள் குழந்தையின் அம்மா. பனியன் கம்பெனியில் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"ஏம்மா, பொம்பளப் புள்ள சமாச்சாரம். வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவான்?" – இது பி.டி.ஏ. தலைவர்.

"அவரும் குடும்பஸ்தரும்மா. அவருக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு." – இது பெரியவர்.

"பரீட்சை வர்ற நேரம்மா. பேப்பர்காரன், டிவிக்காரன்னு வந்தா மத்த புள்ளைங்க படிப்பு என்னாகும், நீயே சொல்லு." – இது தலைமையாசிரியர்.

"அவ பொய் சொல்ல மாட்டா சார்."

"பொய்யின்னு யாரும்மா சொன்னா? குழந்தைதானே, தப்பா புரிஞ்சிருக்கும்."

தாளாளரின் ஆள் பேசவே இல்லை. அவர் வந்தது பேசுவதற்கல்ல. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார். கடிதம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது: என் மகள் தவறாகப் புரிந்துகொண்டு கூறிய புகாரை முழு மனதுடன் திரும்பப் பெறுகிறேன். முழு மனது என்ற சொல்லுக்கு நேர் கீழே அவள் கையெழுத்து. "டீ ஆறுது, குடிம்மா" என்றார் பெரியவர்.

குழந்தைக்கு இழைக்கப்பட்ட குற்றம் ஒருவருக்குத் தெரியவந்தால், அதைக் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோவின் 19-ஆம் பிரிவு. சொல்லாமல் மறைப்பதே தனிக் குற்றம். அதன்படி, டீ ஆறிக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிடத்தில் அந்த அறையில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் குற்றவாளிகள். புத்தகத்தைக் கறாராகப் படித்தால் நின்றுகொண்டிருந்த தாயும்தான். அதைப் பயத்தால் செய்தவள் அவள் ஒருத்தி மட்டும்.

இனித் தீர்ப்பு. வாத்தியாருக்கு டிரான்ஸ்ஃபர். பிள்ளைக்கு டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட். இரண்டும் ஒரே சொல்லில் தொடங்கினாலும் வாத்தியாரோடு சம்பளமும் சேர்ந்து போகிறது. பிள்ளையோடு பேச்சுதான் போகிறது. தனியார் பள்ளி என்றால் டிரான்ஸ்ஃபர் கிடையாது, ராஜினாமா. கூடவே, 'இவருடைய நடத்தை நன்று' என்று ஓர் அனுபவச் சான்றிதழ். அந்த நன்னடத்தையோடு அவர் அடுத்த ஊர்ப் பள்ளியில் போய்ச் சேருவார். அங்கே உள்ள குழந்தைகளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாணவியரிடம் பாலியல் அத்துமீறல் செய்யும் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யலாம், கல்விச் சான்றிதழ்களையே ரத்து செய்யலாம் என்று பள்ளிக் கல்வித் துறை அரசாணை போட்டது 2012 மே மாதத்தில். போக்சோவுக்கும் ஆறு மாதம் முந்தி. அந்த அரசாணையைக் கோப்பில் போட்டுக் கயிறு கட்டிவிட்டு, ஒவ்வொரு கூச்சலுக்கும் அதே கோப்பைத் தூசி தட்டி, 'இனி கடும் நடவடிக்கை' என்று புதிதுபோல அறிவிப்பார்கள். இனி, இனி, இனி. எங்கள் ஊர் டீக்கடையில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்ற பலகை இருபது வருடமாக அப்படியேதான் தொங்குகிறது.

இப்போது ஏலத்தில் வராத சரக்கைக் காட்டுகிறேன். 2019-ல் பத்து இருபதான அதே புத்தகத்தில் 21-ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. குற்றத்தை மறைக்கிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம் மட்டும்கூடப் போதும். தனக்குக் கீழ் வேலை செய்கிறவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. 'வரை' என்பதைக் கவனியுங்கள்; அடியில் எல்லையே கிடையாது. 2012-ல் ஓராண்டு. மேடை போட்டு, மைக் வைத்து, தூக்கு வரை ஏலம் போன 2019-லும் அதே ஓராண்டு. ஒரு குரல் எழவில்லை. ஒருதரம் என்று சொல்லக்கூட ஆளில்லை.

ஏன் தெரியுமா? தூக்குக் கேட்பவர்களுக்கு அந்த வாத்தியார் யாரோ. ஆனால் தாளாளர் யாரோ அல்ல. விழா மேடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர். மண்டபம் கொடுப்பவர், பேருந்து கொடுப்பவர், தேர்தல் வந்தால் இன்னும் என்னென்னவோ கொடுப்பவர். 'கல்வித் தந்தை' என்று சுவரொட்டியில் சிரிப்பவர். தந்தையை ஏலத்தில் விடுவது பண்பாடில்லையே.

கீழ்ப்படியில் இருக்கும் குற்றங்களும் அப்படித்தான் ஏலத்திலிருந்து தப்பின. பள்ளிகளில் முதலில் குழந்தை சொல்வது பெரும்பாலும் வல்லுறவை அல்ல. சோதனைக்கூடத்தில் பின்னாலிருந்து வரும் கையை. நோட்டுத் திருத்தும் சாக்கில் தொடையில் விழும் கையை. நள்ளிரவில் வரும் வாட்ஸ்அப் படத்தை. ஆசிரியர் செய்தால் இந்தத் தொடுதலுக்கு ஐந்து முதல் ஏழாண்டு. அந்த எண்ணை 2019-ல் யாரும் தொடவில்லை. கூட்டச் சொல்லி நான் கேட்கவுமில்லை. அந்த ஐந்து ஆண்டை ஒழுங்காகக் கொடுத்திருந்தால், பல கைகள் இருபதாண்டுக் குற்றம் வரை போயிருக்காது என்றுதான் சொல்கிறேன்.

கடிதம் எழுதி வாங்குகிற கலை நம்மூர்ச் சொத்தல்ல. தேசிய ஒருமைப்பாடு அதில்தான் இருக்கிறது. ராஜஸ்தானில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவியின் மார்பில் கை வைத்தார் என்று 2022 ஜனவரியில் வழக்குப் பதிவானது. சில நாட்களில் முத்திரைத்தாள் வந்துவிட்டது. புகார் தப்புப் புரிதல் என்று குடும்பம் எழுதிக்கொடுத்தது. இரு தரப்பும் சமாதானம் என்று உயர் நீதிமன்றம் பிப்ரவரியிலேயே வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றப் படியேறியது, வழக்கில் நேர்ச் சம்பந்தமே இல்லாத மூன்றாம் தரப்பு. குழந்தைக்கு எதிரான இந்தக் குற்றம் இருவர் பேசித் தீர்த்துக்கொள்ளும் தனிவிவகாரம் அல்ல என்று சொல்லி, 2024 நவம்பர் 7-ஆம் தேதி வழக்கை மீட்டுக்கொடுத்தது உச்ச நீதிமன்றம். ஓர் எளிய உண்மை உறுதிப்பட இரண்டே முக்கால் ஆண்டு. அதற்கும் சம்பந்தமில்லாத யாரோ மெனக்கெட வேண்டியிருந்தது.

மகாராஷ்டிரத்தில் ஒரு பள்ளி விடுதியில் பழங்குடிச் சிறுமிகளுக்கு நடந்த கொடுமை தெரிந்தும் சொல்லவில்லை என்று ஒரு மருத்துவர் மேல் போடப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் தள்ளிவிட, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கும் உயிர் கொடுத்தது. 21-ஆம் பிரிவு உயிரோடு இருக்கிறது என்பதைச் சொல்வதற்கே டெல்லி வரை போக வேண்டியிருக்கிறது.

அருப்புக்கோட்டையை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 ஏப்ரலில் வெளியான தொலைபேசிப் பேச்சில் ஒரு கல்லூரிப் பேராசிரியை, 'உயர் அதிகாரிகளை' அனுசரித்துப்போகச் சொல்லி மாணவியரிடம் நயமாகப் பேசினார். ஆறு ஆண்டு கழித்து, 2024 ஏப்ரல் 30 அன்று திருவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலை. குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் சொன்ன பிறகு அவர்களைப் பற்றிப் பேச எனக்கு எதுவுமில்லை. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது: அந்த உயர் அதிகாரிகள் யார்? பேசிய வாய்க்குப் பத்தாண்டு கிடைத்தது. அந்த வாயை வாடகைக்கு எடுத்தது யார் என்பதற்கு ஒரு நாள்கூட ஏலம் போகவில்லை.

இதற்கெல்லாம் கோபம் வந்து மக்கள் சாலையில் உட்கார்ந்தால் இருக்கவே இருக்கிறது குண்டர் சட்டம். 2014-ல் அதில் பாலியல் குற்றவாளிகளையும் சேர்த்தார்கள். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். தடுப்புக் காவல் கைதிகள் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான் என்று மேற்படி 2022 சிறைப் புள்ளிவிவரம் பெருமையோடு சொல்கிறது. 'குண்டாஸ் பாய்ந்தது' என்று தலைப்பு வரும். அது பாய்கிற சத்தத்தில் குற்றப்பத்திரிகை தவழ்கிற சத்தம் கேட்காது.

தவழ்கிறது என்பது என் சொல்லல்ல, கணக்கு. ஓராண்டுக்குள் வழக்கை முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். விதி சட்டக் கொள்கை மையம் 2022-ல் பத்தாண்டு வழக்குகளை அலசிப் பார்த்தபோது சராசரி 509 நாள். ஒருவருக்குத் தண்டனை கிடைத்தால் மூன்று பேர் விடுதலை. ஏழாம் வகுப்பில் நடந்ததைக் குழந்தை ஒன்பதாம் வகுப்பில் கூண்டருகே நின்று மறுபடி நினைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குள் அந்த டீக்கப்பும் பேனாவும் எத்தனை தடவை வீட்டுக்கு வந்திருக்கும்? தண்டனை இருபதானால் பேனாவின் விலையும் இருபதுக்கு ஏறும். பேரம் பேசுகிறவனுக்கு இந்த ஏலம் கொடுத்த ஒரே பரிசு அதுதான்.

ஆகவே, கனம் உறுப்பினர்களே, அடுத்த ஏலத்துக்கு முன்னால் ஒரு விண்ணப்பம். இருபதை நாற்பதாக்க வேண்டாம். தூக்குக்கயிற்றை இன்னும் தடிமனாகத் திரிக்க வேண்டாம். 21-ஆம் பிரிவின் ஓராண்டைக்கூடக் கூட்ட வேண்டாம். அதை ஒருமுறை செலவு செய்யுங்கள். ஒரே ஒரு கல்வித் தந்தை, ஒரே ஓர் இரவு, நூறு பேர் இடத்தில் நூற்று முப்பத்தோராவது ஆளாகப் படுத்து எழுந்திருக்கட்டும். மறுநாள் காலை இந்த மாநிலத்துத் தலைமையாசிரியர் அறைகளில் டீ போட ஆள் இருக்காது.

மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் மறுபடி அந்தப் பள்ளிக்கே போகிறேன். மாற்றலாகிப் போகிற சாருக்குப் பிரிவுபசார விழா. பொன்னாடை, வாழைப்பூ வடை, குழுப் படம். ஏழாம் வகுப்பு பி பிரிவின் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் மேல் சிவப்பு மையில் கோடு, ஓரத்தில் 'டி.சி.' என்று இரண்டெழுத்து. இந்த வழக்கில் இதுவரை எழுதப்பட்ட தண்டனை அந்தக் கோடு ஒன்றுதான்.